ஆன்டிவைரஸ் மக்கர் பண்ணினால் என்ன செய்வது?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சிவகாசியில் டி.டி.பி. தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கூட்டம் ஆரம்பிக்கும்போது நம்ம தலைவி ஒரு கேள்வி கேட்டாங்க. வீட்டில் கம்ப்யூட்டரோ லேப்டாப்போ இருக்கிறவங்க கை தூக்குங்கன்னாங்க. பாதிக்கு மேல் தூக்கினீங்க. அதில் வைரஸ் தடுக்கிற சாஃப்ட்வேர் ஒழுங்கா ஓடுதா என்று கேட்டதும் எல்லாக் கையும் இறங்கிவிட்டது. ஒரு மதினி மட்டும், "சிவப்பா ஒரு பெருக்கல் குறி மூணு மாசமா காட்டுது, நான் மூடி மூடி விட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்தச் சிவப்புப் பெருக்கல் குறியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

வெளியூரில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க என்று இருக்கும். நம்ம ஊரில் அப்படி இல்லை. அதில் குழுவோட சேமிப்புக் கணக்கு இருக்குது. யார் எவ்வளவு உள்கடன் வாங்கினாங்க, எவ்வளவு கட்டினாங்க, வட்டி எவ்வளவு என்ற விவரம் இருக்குது. வங்கிக் கடனுக்குக் கொடுக்க ஸ்கேன் பண்ணின உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் இருக்குது. இது போக, பட்டாசுப் பெட்டி லேபிள், தீப்பெட்டி மேல்தாள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று டிசைன் வேலை வீட்டிலேயே செய்கிற பெண்கள் நம்மில் நிறையப் பேர். குட்டி ஜப்பான் என்று சும்மாவா பேர் வந்தது? ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவரணும். அதற்கு முந்தின வாரம் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் ஒரு சீசன் வருமானமே போச்சு.

முதலில், இந்த ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வார்த்தை. அது தெரிந்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். வைரஸ் என்பது யாரோ ஒருவர் எழுதின புரோகிராம், அவ்வளவுதான். 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் ஓர் அண்ணன் தம்பி எழுதின "பிரெயின்" வைரஸ் பிளாப்பி மூலமாக உலகமெல்லாம் பரவியது. அந்தக் காலத்தில் வைரஸ்களை விரல் விட்டு எண்ணலாம். இன்றைக்கு எண்ணி மாளாது. ஆன்டிவைரஸ் கையில் ஒரு பட்டியல் இருக்கும். தெரிந்த திருடர்களின் கைரேகைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், அது அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கும். பட்டியலில் இல்லாத ஆள் ஏதாவது விபரீதமாக நடந்துகொண்டாலும் பிடிக்கப் பார்க்கும். பட்டியல் நாள்தோறும் மாறும். அதைத்தான் அப்டேட் என்கிறோம். மூணு மாசம் அப்டேட் ஆகவில்லை என்றால் வாசலில் வாட்ச்மேன் நிற்கிறான், ஆனால் அவன் கையில் இருப்பது பழைய பட்டியல்.

இப்போ கோளாறுகளுக்கு வருவோம். என் கடைக்கு அதிகமாக வருகிற புகார், "கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஓடுது" என்பது. திறந்து பார்த்தால் பத்தில் நாலு மெஷினில் இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கும். வாங்கும்போதே ஒன்று சோதனைப் பதிப்பாக உள்ளே வந்திருக்கும். அதன் காலம் முடிந்திருக்கும். கடைக்காரர் இன்னொன்று போட்டிருப்பார். தம்பி மகன் வந்து நெட்டில் இருந்து இலவசமாக மூன்றாவது ஒன்றை இறக்கியிருப்பான். ஒரு வீட்டுக்கு இரண்டு வாட்ச்மேன் நல்லதுதானே என்று தோன்றும். இவன் திறக்கிற கோப்பை அவன் சோதிப்பான், அவன் தொட்டதை இவன் சோதிப்பான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திருடன் என்று நினைத்துச் சண்டை போடுவார்கள். நம்ம வேலை நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒன்று போதும். ஒன்றே ஒன்று.

எதை வைத்துக்கொள்வது? விண்டோஸ் 8 வந்ததில் இருந்து, அதாவது 2012இல் இருந்து, விண்டோஸோடு சேர்ந்தே ஓர் ஆன்டிவைரஸ் வருகிறது. டிஃபெண்டர் என்று பெயர். காசு கிடையாது. வேறு ஒன்றை நீங்கள் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த வேறொன்றை நீக்கினால் திரும்ப வந்து நிற்கும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம். விற்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கியதை வைத்துக்கொள்ளவும் தடையில்லை. நம்ம நாட்டுத் தயாரிப்புகளே இருக்கின்றன. புனேயின் குயிக் ஹீல் உங்களுக்குத் தெரியும். சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 நிறுவனத்தின் தயாரிப்பு நிஜ ஜப்பானிலேயே விற்பனையானது, நம்ம குட்டி ஜப்பானில் பாதிப் பேருக்கு அதைத் தெரியாது! எதை வைத்தாலும், மற்றதைக் கன்ட்ரோல் பேனலில் போய் முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கிற படத்தை மட்டும் அழித்துவிட்டு "எடுத்தாச்சு" என்று சொல்லாதீர்கள். சில சாஃப்ட்வேர் அன்இன்ஸ்டால் செய்த பிறகும் வேர் விட்டு நிற்கும். அந்தந்த நிறுவனமே தன் இணையதளத்தில் அதை முழுசாகப் பிடுங்கி எடுக்க ஒரு சின்ன ரிமூவல் டூல் கொடுக்கிறது. அதை ஓட்டி, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணினால் போதும்.

இப்போ எது ஓடுது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டார்ட் பட்டனை அழுத்தி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று டைப் பண்ணுங்கள். வருகிற பக்கத்தில் "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்" என்று ஒரு கட்டம். அதில் பச்சை டிக் இருந்தால் சரி. உள்ளே போனால் எந்த ஆன்டிவைரஸ் காவல் காக்கிறது, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று தேதியோடு காட்டும்.

அடுத்தது, நம்ம மதினி சொன்ன சிவப்புக் குறி. "அப்டேட் ஃபெயில்ட்" என்று வரும். இல்லாவிட்டால், போன மாசம்தான் காசு கட்டினோம், "லைசென்ஸ் முடிந்துவிட்டது" என்று வரும். உடனே கடைக்காரரைத் திட்டாதீர்கள். திரையின் வலது கீழ்மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி 2009 என்றோ 2015 என்றோ காட்டுதா? அங்கேதான் வியாதி. கம்ப்யூட்டருக்குள்ளே மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். நாலைந்து வருஷத்தில் அது செத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு தடவை மெயின் சுவிட்சை நிறுத்தும்போதும் தேதி பழைய காலத்துக்கு ஓடிவிடும். அப்டேட் கொடுக்கிற சர்வரோ இன்றைய தேதியிட்ட அத்தாட்சியைக் காட்டும். 2009இல் நிற்கிற கம்ப்யூட்டர், "இந்த அத்தாட்சி இன்னும் பிறக்கவே இல்லையே" என்று கதவைச் சாத்திவிடும். வங்கி இணையதளமும் திறக்காது, "கனெக்ஷன் பாதுகாப்பாக இல்லை" என்று வரும். தேதியைச் சரி செய்து பாருங்கள், அப்டேட் ஓடும். மறுநாள் மறுபடியும் தேதி மாறினால் பேட்டரியை மாற்றணும். சி.ஆர். 2032 என்று கேட்டால் எலக்ட்ரிக்கல் கடையில், வாட்ச் கடையில் கொடுப்பார்கள். சில்லறைக் காசு. இதற்கு ஆயிரம் ரூபாய் பில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

தேதி சரியாக இருந்தும் அப்டேட் ஆகவில்லையா? சி டிரைவ் நிறைந்து சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் இருந்து ஏற்றின கல்யாண வீடியோ எல்லாம் டெஸ்க்டாப்பில் கிடந்தால் அது சி டிரைவில்தான் உட்கார்ந்திருக்கும். டி டிரைவுக்கு மாற்றுங்கள். போனில் இருந்து ஹாட்ஸ்பாட் போட்டு நெட் எடுக்கிறவங்க இன்னொன்று பார்க்கணும். அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று விண்டோஸ் குறித்து வைத்திருந்தால், டேட்டா தீர்ந்துவிடுமே என்று அப்டேட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு தடவையாவது நாமே கையால் அப்டேட் பட்டனை அழுத்திவிடலாம்.

பழைய மெஷின் வைத்திருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பரில் தொடங்கின திட்டம். அன்றைக்கு பிளஸ் டூ படித்த மகள் இன்றைக்கு இரண்டு பிள்ளைக்குத் தாய். லேப்டாப் இன்னும் ஓடுது! ஆனால் அதில் விண்டோஸ் 7 இருந்தால், மைக்ரோசாஃப்ட் அதைக் கவனிப்பதை 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்க ஆள் இல்லை என்று அர்த்தம். ஓட்டைச் சுவர் வீட்டில் எந்த வாட்ச்மேனை நிறுத்தினாலும் பாதிக் காவல்தான். அந்த மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். டைப் அடிக்க, படம் பார்க்க, பிள்ளைகள் பழக வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலையும் குழுக் கணக்கும் அதில் வேண்டாம்.

வேலை நடுவில் திடீரென்று ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடி, மவுஸ் நகராமல் நிற்குமே, அது ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் பண்ணுகிற நேரம். செட்டிங்ஸில் போய் அந்த நேரத்தை நீங்கள் சாப்பிடுகிற நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். 4 ஜி.பி. ராம் உள்ள மெஷின் என்றால் ராமைக் கூட்டுவதும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவதும் நிரந்தர வைத்தியம். வேகத்துக்காக ஆன்டிவைரஸை அணைத்து வைப்பது வைத்தியம் இல்லை.

இனி கொஞ்சம் நம்ம தொழில் விஷயம். மனசில் பட்டதைச் சொல்றேன், யாரும் வருத்தப்படக் கூடாது.

"அக்கா, டிசைன் சாஃப்ட்வேர் போட்டேன், ஆன்டிவைரஸ் அதைத் தின்னுடுச்சு" என்று வருவார்கள். எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கினது இல்லை. யாரோ பென் டிரைவில் கொடுத்தது. அதைப் பூட்டுத் திறக்க "கிராக்" என்று ஒரு சின்ன புரோகிராம் கூட இருக்கும். அதோடு ஒரு குறிப்பும் இருக்கும்: "போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்து விடவும்." சகோதரிகளே, இதை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வேலைக்கு வருகிற ஒரு ஆள், "நான் உள்ளே வரும்போது நாயைக் கட்டிப் போடுங்க, கதவைத் திறந்து வையுங்க, நீங்க வெளியே போய் நில்லுங்க" என்று சொன்னால் விடுவோமா? கிராக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிறவற்றில் மிக மோசமானது கோப்புகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்கும் ரான்சம்வேர். "ஸ்டாப்" அல்லது "டிஜேவு" என்று சொல்லப்படுகிற ஒரு குடும்பம் இருக்கிறது. 2018க்குப் பிறகு வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் தாக்கியவற்றில் ஒன்று. அது பரவியதே பெரும்பாலும் இந்த மாதிரி கிராக் மூலமாகத்தான்.

நம்ம வட்டாரத்தில் ஒரு குழுவுக்கு இது நடந்தது. ஊர் பேர் வேண்டாம். ஊக்குநர் வீட்டு மெஷினில் கணக்கு. மகன் ஏதோ கேம் கிராக் இறக்கினான். மறுநாள் எக்செல் கோப்பு, போட்டோ, ஆதார் ஸ்கேன் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு எதுவும் திறக்கவில்லை. டாலர் கணக்கில் பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திறந்தது. "கம்ப்யூட்டர்லதான் இருக்கே" என்று கைக்கணக்குப் பேரேட்டை ஒன்றரை வருஷமாக எழுதாமல் விட்டிருந்தார்கள். வங்கியில் அடுத்த கடனுக்கு மனு போட்டிருந்த நேரம். பதினாலு உறுப்பினர்களும் தங்கள் தனிப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஒரே வீட்டில் உட்கார்ந்து, யார் எந்த மாசம் எவ்வளவு கட்டினது என்று ஒன்றொன்றாகச் சேர்த்தார்கள். மூன்று பேர் பாஸ்புக்கில் பல மாதம் பதிவே இல்லை. நான் கட்டினேன், நீ கட்டலை என்று பேச்சு வளர்ந்தது. கடைசியில் கணக்கு கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவர் மனசு முறிந்து குழுவை விட்டே போய்விட்டார். பணம் போனதை விட எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரியுது.

அதனால் ஆன்டிவைரஸ் ஒன்றைப் பிடித்தால் எடுத்த எடுப்பில் "விடு" என்று சொல்லாதீர்கள். அது பிடித்ததை உடனே கொன்றுவிடாது, தனி அறையில் பூட்டி வைக்கும். குவாரன்டைன் என்று பெயர். நம்ம பட்டாசு ஆலையில் ஓர் அறையில் விபத்து நடந்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்று இடைவெளி விட்டுத்தானே அறைகளைக் கட்டுகிறார்கள், அதே யோசனைதான். "புரொடெக்ஷன் ஹிஸ்டரி" என்ற இடத்தில் என்ன பிடிபட்டது, எந்தக் கோப்பு, எந்தப் பெயர் என்று இருக்கும். நியாயமான கோப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் அங்கிருந்தே "ரிஸ்டோர்" கொடுத்து மீட்கலாம். சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, பிறகு கூகுள் வாங்கியது. ஒரு கோப்பை அதில் ஏற்றினால் ஐம்பது அறுபது ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் சந்தேகப்பட்டால் தவறான பிடிப்பாக இருக்கலாம். முப்பது பேர் சேர்ந்து திருடன் என்றால் திருடன்தான். ஆனால் உறுப்பினர்களின் ஆதாரையோ கணக்கையோ அதில் ஏற்றாதீர்கள். ஏற்றினது பிறர் கைக்குப் போகும்.

ஆன்டிவைரஸே தவறு செய்வதும் உண்டு, மறுக்கவில்லை. 2010 ஏப்ரல் 21ஆம் தேதி மெக்காஃபி கொடுத்த ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு நிறுத்தியது. நம்ம நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அது பெரிய நிறுவனங்கள் வாங்குகிற சரக்கு, நம்ம வீட்டு மெஷினைத் தொடவில்லை. இப்படி நடக்கிறது அபூர்வம். இதற்குப் பயந்து அப்டேட்டை நிறுத்துவது, ஊசி வலிக்கும் என்று பிள்ளைக்குத் தடுப்பூசியே போடாத கதை.

பென் டிரைவ் சமாச்சாரம். டிசைன் முடித்து பிளேட் போடுகிற கடைக்கு எடுத்துப் போவீங்க. அங்கே காலையில் இருந்து நாற்பது பென் டிரைவ் சொருகின மெஷின் அது. திரும்பி வந்து சொருகினால் உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, ஒரு கே.பி., இரண்டு கே.பி. என்று காட்டும். உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள்! கோப்பு எங்கும் போகவில்லை. வைரஸ் அவற்றை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை நிறுத்தியிருக்கிறது. நீங்கள் அதைக் கிளிக் பண்ணினால் வைரஸ் முதலில் ஓடும். எந்த ஷார்ட்கட்டையும் தொடாமல், பென் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். அது முடிந்ததும் மேலே "வியூ" என்பதில் போய் "ஹிட்டன் ஐட்டம்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் "அட்ரிப்" என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதைப் போட்டால் வெளியே வந்துவிடும். தெரிந்தவரிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஃபார்மட் பண்ணுங்கள். முடிந்தால் பிரஸ்ஸுக்குக் கொடுக்க ஒரு பென் டிரைவ், குழுக் கணக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். நான் நெயில் பாலிஷால் சிவப்பு, பச்சை என்று பொட்டு வைத்திருக்கிறேன்.

சில வைரஸ்கள் கெட்டி. உள்ளே வந்ததும் முதலில் ஆன்டிவைரஸின் கழுத்தைத்தான் பிடிக்கும். ஐகானைக் கிளிக் பண்ணினால் திறக்காது, அல்லது திறந்து உடனே மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடிப்பது கஷ்டம். டிஃபெண்டரில் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் "ஆஃப்லைன் ஸ்கேன்" என்று கடைசியில் ஒன்று இருக்கும். திறந்து வைத்த வேலையை எல்லாம் சேவ் பண்ணிவிட்டு அதைக் கொடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, வைரஸ் தூக்கத்தில் இருக்கும்போதே சோதிக்கும். கால் மணி நேரம் ஆகும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகி வையுங்கள். இது தவிர, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசமாகச் சுத்தம் செய்கிற கருவிகள் கிடைக்கின்றன. அதோடு வெளியான யு.எஸ்.பி. பிரதிரோத் என்பது, கண்ட பென் டிரைவும் நம் மெஷினில் நுழையாமல் தடுக்கிற கருவி.

இனி, வைரஸ் இல்லாமலே வைரஸ் என்று மிரட்டுகிற கூட்டம். வலது மூலையில் டிங் என்று சத்தத்தோடு "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்! உடனே புதுப்பிக்கவும்!" என்று வரும். பிரபலமான ஆன்டிவைரஸின் படமும் இருக்கும். வீட்டில் அந்த ஆன்டிவைரஸே இருக்காது. இது வைரஸும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. எப்போதோ ஓர் இணையதளம் "அலவ்" கொடுக்கச் சொன்னது, நாமும் கொடுத்தோம், அது அனுப்புகிற விளம்பரம். குரோம் செட்டிங்ஸில், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், பெயர் தெரியாத தளங்களை நீக்கினால் சத்தம் அடங்கிவிடும்.

இதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான். திரை முழுக்கச் சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, பேச்சுக் குரலோடு, "கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்" என்று வரும். மைக்ரோசாஃப்ட் எந்த எச்சரிக்கையிலும் போன் நம்பர் போடுவதில்லை. நம்பர் இருந்தால் பொய் என்று முடிவு கட்டலாம். எஸ்கேப் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அதுவும் முடியாவிட்டால் பவர் பட்டன். போன் பண்ணினால் பதமாகப் பேசி, எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்வார்கள். அதன் ஒன்பது, பத்து இலக்க எண்ணைச் சொன்ன நிமிஷத்தில் உங்கள் மவுஸ் அவர்கள் கையில். இந்த மாதிரிப் போலி கால் சென்டர்கள் மேல் 2023 அக்டோபரில் சி.பி.ஐ. பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் புகார் கொடுத்துத்தான் அது நடந்தது. பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

பேக்கப் பற்றி நீட்டிப் பேச நேரமில்லை. 2017 மே 12ஆம் தேதி வானாகிரை ரான்சம்வேர் உலகத்தை ஆட்டியபோது ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அதற்கான ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போலீசுக்கே அந்த நிலை. குழுக் கணக்கை மாதக் கூட்டம் முடிந்த அன்றே தனிப் பென் டிரைவில் நகல் எடுத்து, அதைக் கழற்றி, சங்கப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கைப்பேரேட்டை நிறுத்தாதீர்கள். பேனா மையை எந்த வைரஸும் தின்னாது!

பேச்சு முடிந்ததும் சில சகோதரிகள் கேட்ட கேள்விகளும் பதில்களும்:

"பட்டாசு ஆன்லைன்ல பாதி விலைக்குன்னு ஒரு இணையதளம் வந்தது. ஆன்டிவைரஸ் ஒண்ணும் சொல்லலையே, அப்போ நல்ல தளம்தானே?"

இல்லை அக்கா. அந்தப் பக்கத்தில் வைரஸ் இல்லை, ஆன்டிவைரஸ் அதைத்தான் பார்க்கும். ஆள் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. இணையத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவு போட்டது. அப்படியும் தீபாவளி நெருங்கினால் நம்ம ஊர் பேரைப் போட்டே போலித் தளங்கள் முளைக்கின்றன. 2024இல் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவே இதற்கு எச்சரிக்கை விட்டது. கெட்ட பேர் நமக்கு, பணம் அவர்களுக்கு.

"ரான்சம்வேர்ல பூட்டின கோப்பைத் திறக்கவே முடியாதா?"

சிலதை முடியும். "நோ மோர் ரான்சம்" என்று நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் சேர்ந்து 2016இல் தொடங்கின தளத்தில், சில வகைகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. பூட்டின கோப்புகளை அழிக்காமல் ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இன்றைக்குச் சாவி இல்லாத வகைக்கு ஒரு வருஷம் கழித்துக் கிடைத்ததும் உண்டு. பணம் மட்டும் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

"மூணு மாசமா சிவப்புக் குறி காட்டுதுன்னேனே, எனக்கு என்ன வழி?"

மதினி, வீட்டுக்குப் போய் முதலில் தேதியைப் பாருங்க, அப்புறம் சி டிரைவ். இரண்டும் சரியா இருந்தா அடுத்த கூட்டத்துக்கு டவரை மட்டும் தூக்கிட்டு வாங்க. மானிட்டர், கீபோர்டு இங்கேயே இருக்குது. வரும்போது ஆன்டிவைரஸ் வாங்கின பில்லும், அட்டையில் சுரண்டின நம்பரும் மறக்காமல் கொண்டு வரணும்.